புதுக் காரா, பழைய காரா, வாடகைக் காரா? – வீட்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டிய நேரம்

தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் புதுக் கார் வந்து நின்றால் அது ஒரு வீட்டு விசேஷம் மட்டுமல்ல. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி கற்பூரம் காட்டி, மஞ்சள் குங்குமம் தடவிய பிறகு, லயத்துப் பிள்ளைகள் பின் இருக்கையில் ஏறி ஒரு சுற்று வருவார்கள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வளர்த்த பிள்ளை நகரத்தில் வேலைக்குப் போய்விட்டான் என்பதற்கு அந்தக் கார்தான் சாட்சி.

அந்தப் பெருமையில் தவறு எதுவும் இல்லை. ஆனால், பூசைக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு தவணை தொடங்குகிறது. இன்றைக்குப் பெரும்பாலோர் எடுக்கும் 9 ஆண்டுக் கடன் என்றால் 108 மாதங்கள். 23 வயதில் கையெழுத்துப் போடும் இளைஞருக்குக் கடன் முடியும்போது 32 வயது. அதற்குள் கல்யாணம், குழந்தை, வீடு, அப்பாவின் பணி ஓய்வு என்று வாழ்க்கையின் பெரிய செலவுகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிடும்.

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கார் வாங்குவதோடு தொடர்புடைய பல விதிகளும் விலைகளும் மாறியுள்ளன. 'எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுப்போம்' என்ற பழைய வழியில் முடிவெடுத்தால் யார் நட்டப்படுவார்கள் என்பதை இப்போது பார்ப்பது அவசியமாகிறது.

மாறியிருக்கும் நிலவரம்

2024-ஆம் ஆண்டில் மலேசியாவில் 816,747 புதிய வாகனங்கள் விற்பனையாயின. அதில் பெரோடுவா மட்டும் 358,102. அதாவது, சாலைக்கு வந்த பத்துப் புது வாகனங்களில் நான்குக்கும் மேல் பெரோடுவா. 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் கஞ்சிலும் தொடங்கி வைத்த சின்னக் கார் பழக்கம் இன்று எக்ஸியா, பெஸ்ஸா, மைவி, சாகா என்று தொடர்கிறது. தோட்டப்புறத்திலும் தாமானிலும் முதல் கார் என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் பேங்க் நெகாரா அடிப்படை வட்டி விகிதத்தை 3 விழுக்காட்டில் இருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது. செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் வந்து, மைகார்டு வைத்திருக்கும் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்குக் கிடைத்தது. இவை எல்லாம் கார் எடுக்கத் தூண்டும் செய்திகள்.

மறுபக்கமும் இருக்கிறது. சேவை வரி 2024 மார்ச் முதல் 6 விழுக்காட்டில் இருந்து 8 விழுக்காடானது. 2025 ஜூலை முதல் அது வாடகை, குத்தகைச் சேவைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. காரை வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இதற்கிடையே, கார் கடனுக்கான 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, பழைய வட்டி முறையைக் கைவிடும் முடிவையும் அரசாங்கம் அறிவித்துள்ளது.

மூன்றரை விழுக்காடு உண்மையில் எவ்வளவு?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை; ஓய்வுபெற இன்னும் ஏழெட்டு ஆண்டுகள். மகன் பக்கத்து நகரத் தொழிற்சாலையில் 2,500 ரிங்கிட் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறான். ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் போகக் கையில் வருவது ஏறக்குறைய 2,200.

50,000 ரிங்கிட் புதுக் காருக்கு 5,000 முன்பணம் கட்டி, மீதி 45,000-ஐ 3.5 விழுக்காட்டு வட்டியில் 9 ஆண்டுகளுக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 1,575. ஒன்பது ஆண்டுக்கு 14,175. மொத்தம் கட்ட வேண்டியது 59,175. மாதத் தவணை 548 ரிங்கிட்.

இதுதான் 'ஃப்ளாட் ரேட்' எனப்படும் முறை. ஐந்து ஆண்டு கட்டி முடித்து, அசலில் ஏறக்குறைய பாதி குறைந்த பிறகும், முதல் நாள் வாங்கிய முழு 45,000-க்கும் வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக் கடனில் அப்படி இல்லை. அங்கே மீதமுள்ள அசலுக்கு மட்டுமே வட்டி. வீட்டுக் கடன் கணக்கின்படி பார்த்தால் இந்த 3.5 விழுக்காடு உண்மையில் 6 விழுக்காட்டைத் தாண்டுகிறது. விற்பனையாளரின் மேசையில் 'மூன்றரைதான், வீட்டுக் கடனைவிடக் குறைவு' என்று சொல்லப்படும்போது தலையாட்டும் பலருக்கு இது தெரிவதில்லை.

இன்னொரு சிக்கல், கடனை முன்கூட்டியே அடைக்கும்போது தெரியவரும். 'ரூல் ஆஃப் 78' என்ற கணக்கின்படி வட்டியின் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிடும். மேற்சொன்ன கடனில் மூன்று ஆண்டுகள், அதாவது தவணைக் காலத்தின் மூன்றில் ஒரு பங்கு முடிந்த நிலையில், மொத்த வட்டியில் 55 விழுக்காடு போயிருக்கும். மகன் 36 மாதங்களில் கட்டியது 19,725 ரிங்கிட். அப்போது கடனை முழுதாக அடைக்கப் போனால் வங்கி கேட்கும் தொகை ஏறக்குறைய 33,100. இருபதாயிரம் கட்டியும் அசலில் குறைந்தது பன்னிரண்டாயிரத்துக்கும் குறைவு.

சட்டம் திருத்தப்பட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். அதே உண்மை வட்டியை, குறையும் அசலுக்குப் போட்டுக் கணக்கிட்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் மீதக் கடன் 32,700 அளவில் இருக்கும். வித்தியாசம் 400 ரிங்கிட் மட்டுமே. ஆகவே, திருத்தம் காரை மலிவாக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. அது செய்யும் பெரிய நன்மை வேறு. கடனின் உண்மை விலை வெளியே தெரியும். போனஸ் வந்த மாதத்தில் கூடுதலாக ஆயிரம் கட்டினால் அசல் குறைந்து, அதற்கேற்ப வட்டியும் குறையும். கையெழுத்துப் போடும் முன், தன் ஒப்பந்தத்தில் எந்த வட்டி முறை பின்பற்றப்படுகிறது, முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி என்ற இரண்டையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

தவணையோடு செலவு முடிவதில்லை

மகனின் மாதச் செலவு 548-இல் நிற்காது. நாளுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் மாதம் 100 லிட்டர் பெட்ரோல், 199 ரிங்கிட். காப்புறுதியும் சாலை வரியும் ஆண்டுக்கு 1,500 என்று வைத்தால் மாதம் 125. சர்வீஸ், டயர், பிரேக் என்று மாதம் 100. கூட்டினால் 972. கைக்கு வரும் 2,200-இல் இது 44 விழுக்காடு. டோல், கார் நிறுத்தக் கட்டணம், சம்மன் எதுவும் இதில் சேரவில்லை.

சாலை வரியைப் பொறுத்தவரை சின்னக் காருக்குக் கவலை இல்லை. 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1.3 லிட்டர் காருக்கு 70, 1.5 லிட்டருக்கு 90. கனமாக இருப்பது காப்புறுதி. முதல் முறை கார் வாங்கும் இளைஞருக்கு, இழப்பீடு கோராதவர்களுக்குத் தரப்படும் என்சிடி தள்ளுபடி பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும். அது முதலாண்டு முடிந்ததும் 25 விழுக்காடாகி, ஐந்தாண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும். ஆகவே, முதல் ஆண்டுகளில் கட்டும் காப்புறுதிதான் அதிகம். கார் விலை கூடக் கூட அதுவும் கூடும்.

பழைய கார்: பாதி விலை, இரட்டிப்புக் கவனம்

புதுக் காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் தாங்கிவிடுகிறார். இரண்டாவதாக வாங்குபவருக்கு அதுவே ஆதாயம்.

25,000 ரிங்கிட் பழைய காருக்கு 2,500 முன்பணம் கட்டி, 22,500-ஐ 4.5 விழுக்காட்டில் 7 ஆண்டுக்கு எடுத்தால் தவணை 352 ரிங்கிட். பழைய காருக்கு வட்டி விகிதம் கூடுதலாகத்தான் இருக்கும். இருந்தும், மொத்த வட்டி 7,088 ரிங்கிட். புதுக் கார் கணக்கில் வந்த வட்டியில் சரிபாதி. மாதம் 196 ரிங்கிட் மிஞ்சும். அதில் நூறை ஒதுக்கி வைத்தாலே ஆண்டுக்கு 1,200 பழுதுபார்ப்புக்கு இருக்கும்.

ஆனால், பழைய கார் என்பது நம்பிக்கையை மட்டும் வைத்து வாங்கும் பொருள் அல்ல. பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையும், கடனுக்கான பி7 பரிசோதனையும் தேறிவிட்டதாலேயே கார் நல்ல கார் ஆகிவிடாது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அந்தத் தாள் சொல்லாது. தெரிந்த போர்மனிடம் ஐம்பதோ நூறோ கொடுத்து, பட்டறையில் காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்வது பின்னால் வரும் மூவாயிரம் ரிங்கிட் செலவைத் தவிர்க்கும். வேண்டியவர் விற்கிறார் என்பதற்காக இதைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு. நல்ல காரை விற்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் ஒரு கவலை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா உட்பட கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் வெள்ளம் கூரைவரை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற கார் துடைத்து மெருகேற்றப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரலாம். இருக்கைக் கம்பிகளில் துரு, கம்பளத்துக்கு அடியில் சேற்றின் தடம், பூட்டிய காருக்குள் பூஞ்சை வாடை ஆகியவை அதன் அடையாளங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். கிலோமீட்டர் எண்ணைத் திருப்பி வைக்கும் ஏமாற்று வேலையும் உண்டு. சர்வீஸ் புத்தகம் இல்லாத காரில் அந்த எண்ணை நம்புவதற்கு இல்லை.

பழைய கார் சந்தையில் இன்னொரு வார்த்தை அடிக்கடி காதில் விழும்: 'ஃபுல் லோன்'. முன்பணமே வேண்டாம் என்பது கேட்க இனிப்பாக இருக்கும். பல நேரங்களில் இதன் பொருள், 25,000 மதிப்புள்ள காரை வங்கித் தாளில் 28,000 என்று காட்டியிருக்கிறார்கள் என்பதே. அந்தக் கூடுதல் தொகைக்கும் வட்டி கட்டப்போவது வாங்குபவர்தான்.

ஏமாற்றப்பட்டால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். ஆனால், இது கார் வியாபாரிக்கு எதிராகத்தான். தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கிய காருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வியாபாரி வாயால் சொன்ன உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் வழக்குக்கு வலு கூடும்.

வாடகைக்கு எடுப்பது யாருக்கு ஒத்து வரும்?

மேற்கு நாடுகளில் காரைச் சில ஆண்டு குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பது சாதாரணம். மலேசியாவில் அது நீண்ட காலமாக நிறுவனங்களுக்கான ஏற்பாடாகவே இருந்தது. 2019-இல் ரெனோ கார்கள் மாதச் சந்தா முறையில் வரத் தொடங்கிய பிறகு, தனியாட்களுக்கும் இத்தகைய திட்டங்கள் அறிமுகமாகின. மாதக் கட்டணத்துக்குள் காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ் எல்லாம் அடங்கிவிடும் என்பதே இதன் கவர்ச்சி.

கட்டணம் மாதம் 1,200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சேவை வரி 8 விழுக்காடு என்று வைத்தால் 1,296. மூன்று ஆண்டுக்கு 46,656. அதே மூன்று ஆண்டுக்கு மகனின் புதுக் காரில் முன்பணம், தவணை, காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ் எல்லாம் சேர்த்து 32,825 தான் ஆகிறது. வித்தியாசம் 13,800-க்கும் மேல். அதோடு, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கையில் சாவியும் இருக்காது, விற்க ஒரு பொருளும் இருக்காது.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? ஒப்பந்த வேலைக்காக ஓராண்டு வேறு ஊரில் இருக்க வேண்டியவர், ஜொகூர் வேலை முடிந்து சிங்கப்பூருக்குப் போகத் திட்டமிடுபவர், நிறுவனமே கட்டணத்தை ஏற்கும் நிலையில் இருப்பவர் ஆகியோருக்குப் பொருந்தும். ஒன்பது ஆண்டுக் கடனில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. நிலையான வேலையில், ஒரே ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த விலை தேவையில்லை.

மின்அழைப்பு வாகனமோட்டிகளின் கணக்கு வேறு. கடன் பதிவு சரியில்லாததால் வங்கியில் கடன் கிடைக்காத பலர், நாள் வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டுகிறார்கள். நாளுக்கு 55 ரிங்கிட் என்றால் மாதம் 1,650. காய்ச்சலில் படுத்தாலும், தைப்பூசத்துக்கு விடுப்பு எடுத்தாலும் அன்றைய வாடகை போய்க்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் இரண்டு மூன்று மாதம் இந்தத் தொழில் தனக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்க இது உதவும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், ஒரு பழைய காரின் விலையை ஒன்றரை ஆண்டுக்குள் வாடகையாகவே கொடுத்து முடித்திருப்பார்கள். மின்அழைப்புச் சேவையில் ஓடும் வாகனங்களுக்கு வயது வரம்பு உண்டு என்பதால், இதற்காகப் பழைய கார் வாங்குபவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு ஓட்ட அனுமதி கிடைக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் காரில் பேட்டரிக்கு மட்டும் வாடகை

2025 டிசம்பரில் பெரோடுவா தனது முதல் மின்சாரக் காரான கியூவி-இ-யை அறிமுகம் செய்தபோது குத்தகை என்ற சொல் புதிய வடிவில் வந்தது. காரின் விலை 80,000 ரிங்கிட். ஆனால், பேட்டரி அதில் சேராது. பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வீதம் 9 ஆண்டுகளுக்கு வாடகை. கணக்குப் போட்டால் 29,700. இரண்டும் சேர்ந்து 109,700.

பேட்டரி கெட்டுப்போகுமோ என்ற பயம் வாங்குபவருக்கு இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம். ஆனால், மகனின் பெட்ரோல் செலவு மாதம் 199 ரிங்கிட்தான். மானிய விலைப் பெட்ரோல் கிடைக்கும்வரை, அவனைப் போல் ஓட்டுபவருக்குப் பேட்டரி வாடகை மட்டுமே பெட்ரோல் செலவைவிட அதிகம். மின் கட்டணம் அதற்கு மேல். லயத்து வீட்டிலோ அடுக்குமாடி ஃபிளாட்டிலோ இருப்பவருக்கு எங்கே சார்ஜ் போடுவது என்ற கேள்வியும் உண்டு. தினமும் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் ஓடுபவர், சொந்தத் தரைவீட்டில் சார்ஜ் வசதி உள்ளவர் ஆகியோருக்குக் கணக்கு வேறாக வரலாம். எடுப்பதாக இருந்தால், காரை விற்கும்போது பேட்டரி ஒப்பந்தம் எப்படிக் கைமாறும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்.

'சம்போங் பாயார்' எனும் படுகுழி

வாங்கவும் முடியாது, வாடகையும் கட்டுப்படியாகாது என்ற நிலையில் பலர் போய் நிற்கும் இடம் 'சம்போங் பாயார்'. தவணை கட்ட முடியாதவரின் காரை வாங்கிக்கொண்டு, மீதத் தவணையைத் தொடர்ந்து கட்டுவதாக வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வது. ஆயிரம், இரண்டாயிரம் கைமாறும். கிராணில் பெயர் மாறாது.

கடன் முடியும்வரை கார் வங்கிக்குச் சொந்தம். வங்கியின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றமாகலாம். இதில் இரண்டு பேருமே நட்டப்படுகிறார்கள். காரைக் கொடுத்தவருக்குச் சம்மனும், வங்கிக் கடிதமும், சில நேரங்களில் போலீஸ் விசாரணையும் வரும். எடுத்தவர் மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், காரின் மீது அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அவர் கொடுத்த பணத்தைப் பழைய ஆள் வங்கியில் கட்டாமல் விட்டுவிட்டால், ஒரு நாள் கார் இழுத்துச் செல்லப்படும். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் வேறொருவர் பெயரில். நண்பர்கள், மச்சான் மாமன்களுக்குள் இப்படிக் கைமாறிய கார்களால் உறவே முறிந்த வீடுகள் உண்டு.

தவணை தவறினால் என்ன நடக்கும்?

இரண்டு மாதத் தவணை தொடர்ந்து தவறினால் வங்கி காரைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கையைத் தொடங்கலாம். ஆனால், உடனே வந்து இழுத்துச் செல்ல முடியாது. முதலில் நான்காம் அட்டவணை எனப்படும் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் அவகாசம் தர வேண்டும். காரின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காரைத் தொடவே கூடாது. இது தெரியாமல், ஏழாம் ஆண்டில் இரண்டு தவணை தவறியதற்காக நடுரோட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு.

நோட்டீஸ் வந்தால் அதை அலமாரிக்குள் சொருகி வைப்பது மிக மோசமான முடிவு. வங்கிக்குப் போய்ப் பேசலாம். 2006 முதல் இயங்கிவரும் ஏகேபிகே கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பறிமுதலான கார் ஏலத்தில் குறைந்த விலைக்குப் போய், மீதக் கடன் பாக்கி நின்றால் அதையும் கட்டியாக வேண்டும். காரும் போய்க் கடனும் நிற்கும் நிலை அதுதான்.

பிள்ளைக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட திவால் சட்டத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால், அவர் மீது வழக்குப் போட்டுப் பணம் கேட்க வங்கிக்குத் தடை இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பை நம்பியிருக்கும் அப்பா இதை அறிந்து கையெழுத்துப் போட வேண்டும்.

காருக்குப் பின்னால் நிற்கும் வீடு

தோட்டத்துக் குடும்பத்துக்குக் கார் என்பது கார் மட்டுமல்ல. அப்பா ஓய்வுபெறும் நாளில் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஏழெட்டு ஆண்டில் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும். அந்த வீட்டுக் கடனை யார் பெயரில் எடுப்பது? வயதான அப்பாவுக்கு வங்கி நீண்ட காலக் கடன் தராது. மகன் பெயரில்தான் எடுக்க வேண்டும்.

வங்கி அப்போது முதலில் பார்ப்பது அவனது மாதக் கடன் சுமையை. கார் தவணை 548 ரிங்கிட் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுக்கு எடுத்தால், அதே 548 ரிங்கிட் ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் வீட்டுக் கடனைத் தாங்கும். ஒரு மலிவு விலை வீட்டின் பெரும்பகுதி அது. ஆக, 23 வயதில் ஒரு படி உயர்ந்த காரைத் தேர்ந்தெடுக்கும் இளைஞன், தன்னை அறியாமலேயே வீட்டின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறான்.

அதற்காகக் காரே வேண்டாம் என்பது நியாயமல்ல. காலை ஆறு மணிக்குப் பேருந்து வராத தோட்டத்தில், மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இடத்தில், கார் ஆடம்பரம் இல்லை. மழையில் கப்சாய் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போவதைவிட நான்கு சக்கரம் பாதுகாப்பானது. கேள்வி எந்தக் கார், எவ்வளவு காலக் கடன் என்பதுதான்.

மேற்கண்ட கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. வேலை புதிது, சேமிப்பு குறைவு, வீடு இன்னும் வாங்கவில்லை என்றால் நன்கு சோதித்து வாங்கிய பழைய காரே தாங்கக்கூடியது. வேலை நிலையானது, முன்பணம் இருபது விழுக்காடாவது கையில் உண்டு, பத்தாண்டுக்கு மேல் அதே காரை ஓட்டும் எண்ணம் உண்டு என்றால் சின்னப் புதுக் கார் நல்ல முடிவு. கடனை ஐந்து அல்லது ஏழு ஆண்டில் முடித்துவிட வேண்டும். ஓராண்டு ஈராண்டுத் தேவைக்கு மட்டுமே வாடகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயில் நிலையத்துக்கு அருகில் குடியிருந்து வேலைக்குப் போகிறவருக்கு, மாதம் 50 ரிங்கிட் மை50 பயண அட்டையோடு இன்னும் இரண்டு ஆண்டு காத்திருப்பதும் ஒரு வழிதான். அந்த இரண்டு ஆண்டில் மாதம் ஐந்நூறு சேர்த்தால் 12,000 ரிங்கிட் முன்பணம் தயார்.

கார் விற்பனை நிலையத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' என்பது. வீட்டில் உட்கார்ந்து அப்பா, அம்மா, பிள்ளைகள் பேச வேண்டிய கேள்வி வேறு: 'இந்தக் கார் கடன் முடியும்போது நாம் எந்த வீட்டில் இருப்போம்?' அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனால், கோயில் வாசலில் வந்து நிற்பது மைவியாக இருந்தாலும் பத்து வயதுப் பழைய சாகாவாக இருந்தாலும், எலுமிச்சம்பழத்தை நிம்மதியாக நசுக்கலாம்.